மெக்சிகோவில் பத்து நாள்: தலைநகரா, வஹாகாவா, மாயா நாடா?

குழுவாக மெக்சிகோ போக நினைப்பவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தாயிற்று. விமானத்தில் போகும் நேரம் கழித்துக் கையில் பத்து நாள். ஒருவருக்கு ஓவியர் ஃப்ரீடா காலோவின் நீல வீட்டைப் பார்த்தே ஆக வேண்டும். இன்னொருவருக்கு மாயாப் பிரமிடு நிற்கும் சிச்சென் இட்சாவைப் பார்க்காமல் திரும்பினால் போனதாகவே கணக்கில்லை. கட்டடக்கலை படித்த மருமகள் லூயிஸ் பரகானின் வீட்டைக் கேட்கிறாள். நெசவில் ஆர்வமுள்ள அத்தை வஹாகா என்கிறார். டூர் கம்பெனியின் விளம்பரத் தாளோ ‘கலை, கட்டடம், தொல்லியல்’ என்று மூன்றையும் ஒரே வரியில் போட்டு, எட்டு ஊர்களை அடுக்கி எல்லோரையும் சமாதானப்படுத்திவிடுகிறது.

அந்த எட்டு ஊர்களையும் வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். மெக்சிகோ சிட்டியிலிருந்து வஹாகாவுக்குச் சாலை வழியாக 460 கிலோமீட்டர். யுகட்டான் தீபகற்பத்தின் மெரிடாவுக்கு ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். பத்து நாளில் மூன்றையும் தொட்டுவிட்டு வரலாம், தொட்டுவிட்டு மட்டும்தான் வரலாம். ஆகவே ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. மத்திய மேட்டுநிலமா, வஹாகா பள்ளத்தாக்கா, மாயா நாடா என்பதே கேள்வி.

## எதை வைத்து எடைபோடுவது

பொதுவாக இந்த ஒப்பீட்டைப் ‘புகழ்பெற்ற இடம் எத்தனை’ என்று எண்ணித் தொடங்குவார்கள். நான் முதலில் கேட்பது வேறு. பொருளும் அது பிறந்த இடமும் ஒன்றாக இருக்கின்றனவா?

மெக்சிகோவில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. மெக்சிகோ சிட்டியின் தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தின் வாசலில், ரெஃபோர்மா சாலையோரம், சுமார் 168 டன் எடையுள்ள ஒரு கல் நிற்கிறது. மழைத் தெய்வம் த்லாலோக் என்று பெயர். 1964இல் கோவாத்லிஞ்சான் என்ற ஊரிலிருந்து, ஊரார் எதிர்க்க எதிர்க்க, இதற்கென்றே செய்த ராட்சத வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மழைக்காலம் தொடங்காத ஏப்ரலில், கல் நகருக்குள் வந்த அன்று மழை கொட்டியது என்பதைத் தலைநகரத்துக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நாட்டின் நான்கு மூலைகளிலும் கிடைத்த நல்ல பொருள்கள் பல இப்படித்தான் தலைநகருக்கு வந்து சேர்ந்தன. அதனால் நீங்கள் எந்த வட்டாரத்துக்குப் போகிறீர்களோ அதைப் பொறுத்து, இடமில்லாத பொருளையோ பொருளில்லாத இடத்தையோ பார்க்க நேரும்.

இரண்டாவது, உடம்பு. மெக்சிகோ சிட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டியின் உயரம். யுகட்டானில் உயரம் இல்லை, வெயில் உண்டு. குழுவில் அறுபது தாண்டியவர்கள் இருந்தால் அட்டவணையை முடிவு செய்வது அவர்களின் முழங்கால்.

மூன்றாவது, கூட்டமாக நகர்வது. இரண்டு பேர் போகும்போது எழாத சிக்கல்கள் பன்னிரண்டு பேர் போகும்போது எழும். சில வீடுகளில் ஒரு நேரத்தில் சிலரை மட்டுமே உள்ளே விடுவார்கள். சில தெருக்களில் பெரிய பஸ் நுழையாது.

நான்காவது, விலைப்பட்டியலில் வராத செலவு. ஐந்தாவது, சாப்பாடு. சைவம் சாப்பிடுபவர்கள் இருக்கும் குழுவில் இதைக் கடைசிக்குத் தள்ளினால் மூன்றாம் நாளே முகம் சுளிக்கும்.

## மத்திய மேட்டுநிலம்: மெக்சிகோ சிட்டி, தியோத்திவாக்கான், புவெப்லா

என்ன கிடைக்கும். மூன்று பங்கும் கிடைக்கும், அதில் கலைக்குத்தான் பெரும்பங்கு. மெக்சிகோவின் சுவரோவியங்களைப் புத்தகத்தில் பார்ப்பதும் சுவரின் எதிரே நின்று பார்ப்பதும் ஒன்றாகாது. 1920களில் புரட்சிக்குப் பிந்தைய அரசு, எழுத்தறிவில்லாத மக்களுக்கு வரலாறு சொல்ல அரசுக் கட்டடங்களின் சுவர்களை ஓவியர்களிடம் ஒப்படைத்தது. கல்வி அமைச்சகத்தின் இரண்டு முற்றங்களிலும் மூன்று தளங்களிலும் தியேகோ ரிவேரா 1923 முதல் 1928 வரை வரைந்தார். அமைச்சக அலுவலகமாகவே இருந்த அந்த இடத்தை 2024இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அங்கே ரொட்டியைப் பங்கிடும் காட்சி ஒன்று உண்டு. அதன் நடுவில் இருப்பவர் பாண்டுரங் கான்கோஜே என்பார்கள். வெள்ளையரை எதிர்த்து நாட்டைவிட்டு வெளியேறி, மெக்சிகோவில் சோள ஆராய்ச்சி செய்த இந்தியர். பெரும்பாலான கைடுகள் சொல்ல மாட்டார்கள், கேட்டுப் பாருங்கள்.

பெல்லாஸ் ஆர்ட்டெஸ் அரண்மனையில் ரிவேரா, ஒரோஸ்கோ, சிக்கேரோஸ் மூவரையும் ஒரே மாடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சென்டரில் லெனின் முகத்தை வைத்ததற்காக இடித்துத் தள்ளப்பட்ட ஓவியத்தை, ரிவேரா 1934இல் இங்கே திரும்ப வரைந்தார். கட்டடமே ஒரு பாடம். 1904இல் இத்தாலியர் அதாமோ போவாரி வெளியே வளைவும் பூவுமாகத் தொடங்கினார். புரட்சி வந்து வேலை நின்றது. 1934இல் முடிந்தபோது உள்ளே முழுக்க நேர்கோடும் கோணமுமான ஆர்ட் டெகோ பாணி. ஏரியின் மேல் எழுந்த நகரம் என்பதால் அது கட்டும்போதே அமிழத் தொடங்கிவிட்டது.

இன்னொரு சுவரோவியத்தின் கதை இதைவிட விசித்திரம். அலமேதா பூங்காவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை ரிவேரா ஒரு ஹோட்டல் சுவரில் வரைந்திருந்தார். 1985 நிலநடுக்கத்தில் ஹோட்டல் சேதமடைந்தது. சுமார் 15 மீட்டர் நீளச் சுவரை அப்படியே பெயர்த்து, அருகில் அதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் கட்டி உள்ளே வைத்துவிட்டார்கள்.

கட்டடக்கலைக்காரர்களுக்கு 1948இல் பரகான் தனக்காகக் கட்டிய வீடு, பல்கலைக்கழக நகரின் மத்திய நூலகம், தியேகோவுக்கும் ஃப்ரீடாவுக்கும் ஹுவான் ஒ’கோர்மன் கட்டிய இரட்டை வீடு. நூலகத்தின் நான்கு பக்கமும் ஒ’கோர்மன் பதித்தவை நாட்டின் பல பகுதிகளிலிருந்து சேகரித்த இயற்கை நிறக் கற்கள். வண்ணமே பூசாததால் எழுபது ஆண்டு வெயிலுக்குப் பிறகும் வெளுக்கவில்லை.

தொல்லியலுக்கு, நகரின் நடுவிலேயே தெம்ப்லோ மயோர். 1978இல் மின்சார வாரியத் தொழிலாளர்கள் தெருவைத் தோண்டியபோது துண்டுதுண்டாக வெட்டப்பட்ட நிலவுத் தெய்வம் கொயோல்ஷாவ்கியின் வட்டக்கல் தட்டுப்பட்டது. அதற்குப் பிறகு எதுவார்தோ மாத்தோஸ் மொக்தெசுமா தலைமையில் அஸ்தெக்குகளின் பெருங்கோயில் வெளியே வந்தது. பழைய கோயிலை இடிக்காமல் அதன்மேலேயே புதியதை எழுப்பியிருக்கிறார்கள். நடைபாதையில் நின்றால் ஒரு படிக்கட்டின் பின்னே இன்னொரு படிக்கட்டு, அதன் பின்னே மற்றொன்று தெரியும்.

பழம் பிரமிடு நகரமான தியோத்திவாக்கான் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரத்தில். 65 மீட்டர் உயரச் சூரியப் பிரமிடு எல்லாப் படத்திலும் வரும். ஆனால் பெரும்பாலான குழுக்கள் தவறவிடுவது, பிரமிடுகளைச் சுற்றியிருந்த குடியிருப்புகளின் சுவரோவியங்களை. அருகிலேயே தெபன்தித்லா இருக்கிறது. நீரில் விளையாடுகிறவர்களும் பட்டாம்பூச்சி பிடிக்கிறவர்களும் பேசுகிறவர்களின் வாயிலிருந்து சுருள்சுருளாக எழும் சொற்களும் அங்கே. ரிவேராவின் சுவர்களைப் பார்த்த மறுநாள் இதைப் பார்த்தால், சுவரில் கதை சொல்வது இந்த நாட்டில் எவ்வளவு பழையது என்பது விளங்கும்.

புவெப்லாவுக்குத் தலைநகரிலிருந்து இரண்டு மணி நேரம். 1690இல் முடிந்த ஜெபமாலைச் சிற்றாலயத்தில் தங்கமில்லாத ஓர் அங்குலத்தைத் தேட வேண்டும். எனக்கு அதைவிடப் பிடித்தது பக்கத்துக் கிராமமான தொனான்சின்த்லாவின் சின்ன தேவாலயம். உள்ளூர்க் கைவினைஞர்கள் தேவதைகளுக்கிடையே தங்கள் பழங்களையும் இறகுக் கிரீடங்களையும் நிரப்பிவிட்டார்கள். சோலுலாவில் கன அளவில் உலகின் மிகப்பெரிய பிரமிடு புல்மேடாகக் கிடக்க, உச்சியில் மாதா கோயில்.

பொருளும் இடமும். இங்கே பொருள் ஏராளம், இடம் பெரும்பாலும் வேறெங்கோ. மாயா நகரமான பலெங்கேயின் அரசர் பாகாலின் பச்சைக்கல் முகமூடி இங்கே மானுடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வஹாகாவின் மோந்தே அல்பானில் கிடைத்த வௌவால் தெய்வ முகமூடியும் இங்கேதான். 1985 கிறிஸ்துமஸ் அதிகாலையில் இரண்டையும் வேறு பல பொருள்களோடு திருடிக்கொண்டு போனார்கள். பிடிபட 1989 ஆயிற்று, திருடியவர்கள் கல்லூரிப் படிப்பை விட்ட இரண்டு இளைஞர்கள்.

கூட்டமாகப் போனால். முன்பதிவு நெருக்கடி இங்கேதான் அதிகம். ஃப்ரீடாவின் நீல வீட்டுக்கு நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டும், வாசலில் நின்றால் கிடைக்காது. பரகான் வீட்டில் சிறு சிறு குழுவாகத்தான் விடுவார்கள். பன்னிரண்டு பேர் என்றால் இரண்டு மூன்று பிரிவாகப் போக வேண்டும், படம் எடுக்கத் தனிக் கட்டணம்.

மறைந்திருக்கும் செலவு. பணத்தைவிட நேரம். நீல வீடு இருக்கும் கொயோவாகானிலிருந்து மையத்துக்கு மாலையில் வேன் எடுத்தால் ஒரு மணி நேரம், மழை பெய்தால் அதற்கு மேல். காலையில் தெற்கு, மாலையில் வடக்கு என்று போடும் அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். முதல் நாள் உயரம் பழகாமல் தலைவலிக்கும், அன்று எதையும் வைக்காதீர்கள்.

யாருக்கு. ஆளுக்கொரு ரசனை உள்ள கலப்புக் குழுவுக்கும் முதல்முறை போகிறவர்களுக்கும். ஆளுக்கொரு பக்கம் பிரிந்துபோய் இரவு ஒன்றுகூடுவதற்கு வசதி இந்த ஊரில் மட்டும்தான் உண்டு.

## வஹாகா பள்ளத்தாக்கு

என்ன கிடைக்கும். நகரிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள், குன்றின் உச்சியைச் சமன்படுத்தி எழுப்பிய மோந்தே அல்பான். சபோதெக்குகள் கி.மு. 500 அளவில் தொடங்கினார்கள், ஆயிரம் ஆண்டுக்கு மேல் தலைநகராக இருந்தது. தெற்கு மேடையின் படிகளில் உட்கார்ந்தால் மூன்று பள்ளத்தாக்குகளும் தெரியும். கை கால் வளைந்து கிடக்கும் உருவங்கள் செதுக்கிய கற்களை முன்பு ‘நடனக்காரர்கள்’ என்றார்கள். கண் மூடி, வாய் திறந்து கிடக்கும் அவர்கள் கொல்லப்பட்ட கைதிகள் என்பது இப்போது பரவலான கருத்து. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஒரு மணி நேரத் தூரத்தில் மித்லா. உயரத்தில் எதனோடும் போட்டியில்லை, தாழ்ந்த நீண்ட மண்டபங்கள். ஆனால் சுவரின் அருகே போய் நில்லுங்கள். விரல் நீளத்துக்கு நறுக்கிய ஆயிரக்கணக்கான கல் துண்டுகளைச் சாந்தில்லாமல் ஒன்றோடொன்று கோத்து, படியும் சுருளுமாக வடிவங்கள் இழைத்திருக்கிறார்கள். வெயில் சாயச் சாய ஒவ்வொரு துண்டின் நிழலும் நகரும், சுவரின் வடிவமே மாறுவதுபோல இருக்கும். மதியம் பார்த்தவர்கள் ‘அழகுதான்’ என்பார்கள், நான்கு மணிக்குப் பார்த்தவர்களை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம். அதே கோலங்களைத்தான் பக்கத்துத் தியோதித்லான் கிராமத்தில் கம்பளியில் நெய்கிறார்கள்.

அந்தக் கிராமத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வஹாகாவைத் தேர்ந்தெடுக்க அது ஒன்றே காரணமாகலாம். சப்பாத்திக் கள்ளியில் வெள்ளைப் பொடி படிந்ததுபோல ஒட்டியிருக்கும் கொச்சினீல் பூச்சியை உலர்த்தி வைத்திருப்பார்கள். மிளகைவிடச் சின்னதாக, சாம்பல் நிறத்தில் இருக்கும். நெசவாளர் நான்கைந்தை உங்கள் உள்ளங்கையில் போட்டுக் கட்டைவிரலால் நசுக்குவார். அடர் சிவப்பு. அதில் எலுமிச்சை பிழிந்தால் கண்ணெதிரே ஆரஞ்சாக மாறும். சுண்ணாம்பு சேர்த்தால் ஊதா. ஒரே பூச்சியிலிருந்து இத்தனை நிறம். காலனி ஆட்சியில் வெள்ளிக்கு அடுத்தபடியாக ஸ்பெயினுக்குக் காசு கொட்டிய ஏற்றுமதி இந்தப் பூச்சிதான். பிறகு ஆலையில் செய்த சாயம் வந்து விலையைத் தள்ளிவிட்டது.

சான் பார்த்தோலோ கொயோத்தேபெக்கில் கறுப்பு மண்பாண்டம். அங்கே பழங்காலம் முதல் செய்தது மங்கலான சாம்பல் நிறப் பானை, நீரும் மெஸ்கால் என்ற உள்ளூர் மதுவும் ஊற்றி வைக்கலாம். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் தோன்யா ரோசா என்ற குயவர், சுடுமுன் படிகக் கல்லால் (குவார்ட்ஸ்) தேய்த்துச் சூட்டைக் குறைத்துச் சுட்டால் உலோகம்போல மின்னும் என்று கண்டுபிடித்தார். மினுமினுப்பு வந்தது, நீர் பிடிக்கும் குணம் போனது. அலங்காரத்துக்கு மட்டும் என்று தெரிந்து வாங்குங்கள்.

நகரத்தில் நவீன கலைக்கும் குறையில்லை. 2019இல் மறைந்த ஓவியர் பிரான்சிஸ்கோ தொலேதோ 1988இல் தொடங்கிய வரைகலை நிறுவனம் அவரது சொந்தச் சேகரிப்போடு இன்றும் திறந்திருக்கிறது. நகரச் சதுக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் வரவிருந்தபோது, 2002இல் அவர் தமாலே என்ற சோளமாவுப் பண்டத்தை விநியோகித்துப் போராட்டம் நடத்தினார். கடை வரவில்லை. ஓவியர் ருஃபினோ தமாயோ தன் தொல்பொருள் சேகரிப்பைப் பிறந்த மாநிலத்துக்குக் கொடுத்த அருங்காட்சியகம் சின்னது, ஆனால் காலவரிசையை மறந்து, சிற்பத்தைச் சிற்பமாகப் பார்க்க வைக்கிறது.

பொருளும் இடமும். இந்தக் கேள்வியில் வஹாகா மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். 1932இல் தொல்லியலாளர் அல்போன்சோ காசோ மோந்தே அல்பானின் 7ஆம் எண் கல்லறையைத் திறந்தபோது தங்கம், நீலக்கல், செதுக்கிய எலும்பு என்று நானூறுக்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. பழைய சபோதெக் கல்லறையை மிஸ்தெக்குகள் பின்னாளில் தங்கள் பெரியவர்களுக்காகத் திரும்பப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்தப் புதையல் தலைநகருக்குப் போகவில்லை. நகரின் சாந்தோ தொமிங்கோ மடத்திலேயே இருக்கிறது. காலையில் கல்லறையின் வாசல், மதியம் அதற்குள் இருந்த நகை. மடத்தின் மாடத்திலிருந்து அந்தக் குன்றே தெரியும்.

கூட்டமாகப் போனால். பழைய நகரின் தெருக்கள் குறுகலானவை, பெரிய பஸ் ஹோட்டல் வாசலுக்கு வராது. இரண்டு வேன்கள் நல்லது. பட்டறைகளிலும் பன்னிரண்டு பேர் ஒருசேர நுழைந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆறு பேர் நெசவுக்கும் ஆறு பேர் மண்பாண்டத்துக்கும் போய், மறுநாள் மாற்றிக்கொள்ளலாம்.

மறைந்திருக்கும் செலவு. ஒன்று, சாலை மறியல். ஆசிரியர் சங்கமோ கிராம சபையோ நெடுஞ்சாலையை அடைத்தால் அன்றைய திட்டம் போயிற்று, ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, வாங்காமல் வர முடியாது. இயற்கைச் சாயமிட்ட விரிப்பின் விலை, ஆலைச் சாயமிட்டதைவிடப் பல மடங்கு. அது நியாயமான விலைதான், பேரம் பேசிக் குறைக்க நினைக்காதீர்கள், பட்ஜெட்டில் முதலிலேயே போடுங்கள். மூன்று, தேதி. ஜூலை இறுதியின் கெலகேத்சா விழாவுக்கும் நவம்பர் தொடக்கத்தில் இறந்தோர் நாளுக்கும் அறை வாடகை எகிறும், மாதக்கணக்கில் முன்பே பதிய வேண்டும். அந்தக் கூட்டத்தில் கல்லறைத் தோட்டத்தில் நிற்பதைவிட ஒரு சாதாரண பிப்ரவரி வாரமே எனக்குப் பிடிக்கும்.

யாருக்கு. கைவேலையைப் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கக்கூடியவர்களுக்கு. இரண்டாம் முறை மெக்சிகோ போகிறவர்களுக்கு. ‘பெரிய பிரமிடு எங்கே’ என்று கேட்பவர் குழுவில் பாதி என்றால் வேண்டாம்.

## மாயா நாடு: மெரிடா, உஷ்மல், சிச்சென் இட்சா, முடிந்தால் பலெங்கே

என்ன கிடைக்கும். கட்டடமும் தொல்லியலும். கலை என்றால் கல்லில் உள்ள கலைதான்.

சிச்சென் இட்சாவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பிரமிடின் பக்கத்துக்கு 91 படி, நான்கு பக்கமும் உச்சிப் படியும் சேர்ந்து 365. சம இரவு நாளில் பாம்பு இறங்கும் நிழல். 168 மீட்டர் நீளப் பந்தாட்டக் களம். அதைக் காலை எட்டு மணிக்குப் பார்த்தால் ஒரு ஊர், கடற்கரை ஊரான கான்குனிலிருந்து பஸ்கள் வந்து இறங்கிய பதினொரு மணிக்குப் பார்த்தால் வேறு ஊர். பிரமிடில் ஏற அனுமதி நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. உள்ளே வியாபாரிகள் நெருக்கம்.

உஷ்மல்தான் இந்தப் பயணத்தின் உயிர் என்பேன். முட்டை வடிவ அடித்தளத்தில் எழும் மந்திரவாதியின் பிரமிடு, சுமார் நூறு மீட்டர் நீள ஆளுநர் மாளிகை. கீழ்ப்பாதிச் சுவரை வெறுமையாக விட்டு, மேல்பாதியில் அளவெடுத்து வெட்டிய கற்களைப் பதித்த நகாசு. இந்தப் பகுதியில் ஆறு கிடையாது, சுண்ணாம்புப் பாறை மழையை உறிஞ்சிவிடும். வடக்கே சிச்சென் இட்சாவுக்கு இருப்பதுபோன்ற கிணற்றுப் பள்ளங்களும் இங்கே இல்லை. மழைநீரைத் தரைக்கடியில் சுல்தூன் என்ற குடுவை வடிவத் தொட்டிகளில் சேமித்துத்தான் ஒரு நகரமே வாழ்ந்தது. முற்றங்களில் நடக்கும்போது வாய் குறுகிய அந்தக் குழிகளைக் காணலாம். இதைப் பார்த்த பிறகு, சுவர் முழுக்க நீள மூக்கோடு மழைத் தெய்வம் சாக் ஏன் என்பதற்குக் கைடின் விளக்கம் வேண்டியதில்லை. அதே சாலையில் கபாவில் ஒரே மாளிகையின் முகப்பில் சுமார் 250 சாக் முகங்கள். மூக்குகள் பெரும்பாலும் உடைந்துவிட்டன.

மெரிடாவில் யுகட்டானை வென்ற மொந்தேஹோவின், 1549இல் முகப்பு முடிந்த வீடு உண்டு, அலறும் தலைகளின்மேல் கால்வைத்து நிற்கும் ஸ்பானியப் படைவீரர்கள். கட்டியவன் மனநிலையை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் முகப்பு வேறில்லை. மஞ்சள் ஊரான இசமலில் மாயா மேடையின்மேலேயே பிரான்சிஸ்கன் மடம்.

பொருளும் இடமும். இங்கே இடம் அபாரம், பொருள் வெளியே. சிச்சென் இட்சாவின் புனிதக் கிணற்றைத் தூர் வாரிய எட்வர்ட் தாம்ப்சன் கிடைத்தவற்றை ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார், ஒரு பகுதியே பின்னர் திரும்பியது. 1562இல் மனி ஊரில் ஸ்பானியப் பாதிரியார் தியேகோ தே லாந்தா மாயா ஏடுகளைக் கொளுத்தினார். உலகில் எஞ்சிய மாயா ஏடுகள் நான்கு, அவற்றில் மூன்று ட்ரெஸ்டன், மட்ரிட், பாரிசில், ஒன்று மெக்சிகோ சிட்டியில். பலெங்கேயில் தொல்லியலாளர் அல்பெர்தோ ரூஸ் 1949இல் கோயில் தரைப் பலகையில் துளைகளைக் கவனித்து, கல்லும் மண்ணும் அடைத்த படிக்கட்டைப் பருவம் பருவமாகச் சுத்தம் செய்து, 1952இல் பாகாலின் கல்லறையை அடைந்தார். முகமூடி தலைநகருக்குப் போயிற்று, கல் பேழையும் மூடியும் அசைக்க முடியாமல் அங்கேயே தங்கின. பார்வையாளர் பார்ப்பது அருங்காட்சியகத்தின் நகலை.

ஆகவே மாயா நாட்டுக்குப் போகும் குழு, வழியில் தலைநகரில் ஒன்றரை நாள் நின்று மானுடவியல் அருங்காட்சியகத்தின் மாயா அறையைப் பார்த்துவிட்டுப் போவது பெரிய லாபம். எப்படியும் விமானம் பெரும்பாலும் அங்கேதான் மாற வேண்டியிருக்கும்.

கூட்டமாகப் போனால். மூன்றிலும் சுலபம். நேரான சாலைகள், பெரிய வாகன நிறுத்தம், நேரக் கட்டுப்பாடில்லாத டிக்கெட். 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மாயா ரயில் பலெங்கே வரை போகிறது. நிலையங்கள் பல ஊர்களில் வெளியே தள்ளி இருப்பதால் இரு முனையிலும் வண்டிச் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு. சிச்சென் இட்சாவிலும் உஷ்மலிலும் மத்திய அரசுக்கு ஒரு கட்டணம், மாநிலத்துக்கு ஒரு கட்டணம். வெளிநாட்டவருக்கு மாநிலக் கட்டணம் அதிகம். பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். வெயில் இன்னொரு செலவு. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும், அரை நாளுக்கு மேல் வெளியே நிற்க முடியாது, ஆக ஒரு நாள் வேலை இரண்டு நாளாகும். கான்குன் இருக்கும் மாநிலம் கடிகாரத்தில் மெரிடாவைவிட ஒரு மணி நேரம் முன்னே. திரும்பும் விமானம் கான்குனிலிருந்து என்றால் இதை எல்லோர் போனிலும் சொல்லி வையுங்கள்.

யாருக்கு. கட்டடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் குழுவுக்கு, மேட்டுநிலம் ஒத்துக்கொள்ளாத இதய நோயாளிகள் உள்ள குழுவுக்கு, டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போகக்கூடியவர்களுக்கு.

## ஒரே பார்வையில்

| | மேட்டுநிலம் | வஹாகா | மாயா நாடு |
|---|---|---|---|
| முந்தி நிற்பது | சுவரோவியம், நவீனக் கட்டடம் | கைவினை, தொல்லியல் | கட்டடம், தொல்லியல் |
| பொருளும் இடமும் | பொருள் மிகுதி | இரண்டும் ஒன்றாக | இடம் மிகுதி |
| உடம்புக்கு | உயரம் | மிதம், மேடு பள்ளம் | கடும் வெயில் |
| முன்பதிவு நெருக்கடி | மிக அதிகம் | விழாக் காலத்தில் மட்டும் | குறைவு |
| எதிர்பாராத செலவு | போக்குவரத்து நேரம் | மறியல், கைவினைப் பொருள் | இரட்டைக் கட்டணம் |
| சைவ உணவு | எளிது | கேட்டு வாங்கணும் | சிரமம் |

சாப்பாட்டைப் பற்றி இரண்டு வரி கூடுதலாக. மெக்சிகோவில் ‘சின் கார்னே’ என்று கேட்டால் இறைச்சித் துண்டு வராது, பன்றிக் கொழுப்பு வரும். பருப்புபோல நம்பி வாங்கும் அவரைக் கூழிலும், வஹாகாவின் த்லாயூதா அடை மேல் தடவும் பூச்சிலும் அது உண்டு. மோலே என்ற மசாலாக் குழம்பில் கோழிச் சாறு இருக்கும். ‘சின் மந்தேகா’ என்று கொழுப்பையும் தனியாகச் சொல்ல வேண்டும். யுகட்டானில் பூசணி விதைச் சாந்தில் முட்டையை வைத்த பப்பட்சூலே, முட்டை சாப்பிடுபவர்களைக் காப்பாற்றும்.

## டூர் கம்பெனியா, நாமேவா

மேட்டுநிலத்துக்கு முழுப் பேக்கேஜ் தேவையில்லை. தியோத்திவாக்கானுக்கும் புவெப்லாவுக்கும் மட்டும் வேனும் உரிமம் பெற்ற கைடும் போதும். மாயா நாட்டில் முழுநேர வேன் வைத்துக்கொண்டால் காலை எட்டு மணிக்கு வாசலில் நிற்கலாம், அதுவே கொடுத்த காசுக்கு மதிப்பு. வஹாகாவில் மட்டும் நல்ல உள்ளூர் அமைப்பாளருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். எந்தப் பட்டறையில் உண்மையில் சாயம் காய்ச்சுகிறார்கள், எங்கே வாங்கி விற்கிறார்கள் என்பது வெளியாருக்குத் தெரியாது. பேக்கேஜ் எடுத்தால், தினமும் எந்தெந்தக் கடையில் நிறுத்துவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வெள்ளி நகைக் கடையும் எரிமலைக் கல் கடையும் சேர்ந்து தியோத்திவாக்கான் நாளில் இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

## என் வாக்கு

முதல்முறை, கலப்புக் குழு, பத்து நாள் என்றால் ஏழு நாள் மேட்டுநிலம், மூன்று நாள் வஹாகா. இடையில் விமானம் ஒரு மணி நேரம்தான், பஸ்ஸில் ஆறு ஏழு மணி. மானுடவியல் அருங்காட்சியகத்தை முதல் இரண்டு நாளில் முடிக்காதீர்கள். இடங்களைப் பார்த்துவிட்டு வந்தால்தான் அந்த அறைகள் பேசும், அதற்கும் இரண்டு அரை நாள்களாகப் பிரித்துப் போங்கள். முழு நாள் வைத்தால் மாலையில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களே அதிகம். மாயா நாட்டை ஒரு தனிப் பயணமாக விட்டுவிடுங்கள். அதை மூன்று நாளில் அடைப்பவர்கள் சிச்சென் இட்சாவை நெரிசலில் பார்த்து, உஷ்மலைப் பார்க்காமல் திரும்புகிறார்கள்.

தொல்லியலே உயிர் என்ற குழுவுக்கு இந்தக் கணக்கு மாறும். அவர்கள் ஒன்றரை நாள் தலைநகர், மீதி மாயா நாடு, அதில் இரண்டு இரவு உஷ்மல் பக்கம், இரண்டு இரவு பலெங்கே என்று வைத்துக்கொள்ளலாம்.

பணம் கட்டுமுன் விசாவைப் பாருங்கள். இந்திய பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ விசா வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, பிரிட்டன், ஜப்பான் அல்லது ஷெங்கன் விசா உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. குழுவில் ஒருவரிடம் மட்டும் இல்லையென்றாலும் அவருக்காக மொத்தத் தேதியும் தள்ளும். அமெரிக்கா வழியாக விமானம் மாறினால் அந்த விசாவும் கட்டாயம்.

அதன்பின் ஃப்ரீடா வீடு, பரகான் வீடு இரண்டின் தேதியை முதலில் வாங்கி, மற்ற நாள்களை அவற்றைச் சுற்றி அடுக்குங்கள். திங்கள்கிழமை அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும், அன்று தியோத்திவாக்கான் போகலாம். ஞாயிற்றுக்கிழமை உள்நாட்டவருக்கு இலவசம் என்பதால் தொல்லியல் இடங்களில் கூட்டம் அலைமோதும், அன்று கொயோவாகான் தெருக்களில் நடக்கலாம். பரகான் வீட்டுக்கு இடம் கிடைக்காவிட்டால் கட்டடக்கலை படித்த மருமகளைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு அனுப்புங்கள். நான்கு சுவரும் வெளியே இருப்பதால் டிக்கெட்டும் இல்லை, வரிசையும் இல்லை.